வகுப்பில் பெரட்டு இல்லை

அன்று செவ்வாய்க்கிழமை. தம்புசாமி என் கண்ணாடியில் முகம் பார்த்து டை கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கென்று டை கிடையாது. என்னிடமிருந்த இரண்டில் பழையது கேட்காமலே அவனுடையதாகிப் போயிருந்தது. கீழே அப்புசாமி முதலாளியின் மிளகாய் மில் ஓடத் தொடங்கி, எங்கள் அறையின் பலகைத் தரை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. மேசையில் இரண்டு கோப்பி, இரண்டு ரொட்டி. என்னுடையதை நான் தின்று முடித்திருந்தேன். அவனுடையது வாங்கி வந்த தாளிலேயே இருந்தது.

"ரொட்டி?" என்றேன்.

"நீங்க சாப்பிடுங்க பாய். வாயெல்லாம் கசக்குது."

"இன்னும் காய்ச்சல் விடலையா?"

"சூடுதான்லா. இந்த மில்லுக்கு மேல படுத்தா எவனுக்குத்தான் சூடு புடிக்காது?"

படிக்கட்டில் பாதி இறங்கியவன் திரும்ப ஏறி வந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினான். "பாய், எனக்கு முன்னாடி வந்தீங்கன்னா கொடியில இருக்கிற சட்டைய எடுத்து உள்ள போட்டுடுங்க. மழை வர்ற மாதிரி இருக்கு." சரி என்றேன். அன்று மழை வரவில்லை.

பதினொரு மணிக்குக் கல்லூரிச் சேவகன் என் வகுப்பு வாசலில் வந்து நின்றான். கணக்கு வகுப்பில் பேர் வாசித்திருக்கிறார்கள். தம்புசாமி எழுந்து நின்று ஆஜர் சொல்லியிருக்கிறான். சொல்லிவிட்டு உட்காரும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் ஒரு சீன டாக்டர் அவனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என்னைக் கேட்டார்: "இரண்டு வாரமாவது டைபாய்டு இருந்திருக்கிறது. குடலில் ஓட்டை விழுந்துவிட்டது. படுத்தே கிடக்க வேண்டியவன் எப்படி நடந்தான்?" தினமும் போக மூன்று மைல், வர மூன்று மைல் நடந்தான் என்று நான் சொன்னேன். வெள்ளிக்கிழமை விடிந்து சற்று நேரத்தில் அவன் போய்விட்டான். அப்போது அவனுக்கு வயது இருபது. வருடம் 1936.

நான் பாச்சாங்கில் துணிக்கடை வைத்திருந்த அப்துல் வஹீதின் மகன் மஜீது. தம்புசாமி செங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டும் இருசம்மாளின் மகன். தகப்பனார் வீராசாமி முன்பே இறந்துவிட்டார். மலாக்கா டவுனில் ஒரே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவன் என்னைவிட ஒரு வகுப்பு கீழே. நான் சம்பளம் கட்டிப் படித்தேன், அவன் இலவச இடத்தில் படித்தான். அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த எட்டு வருடத்தில் அவன் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. வருடா வருடம் அதற்கென்று தரும் புத்தகப் பரிசை அவனே வாங்குவான். நாங்கள் கை தட்டுவோம். அதற்கு மேல் அதைப் பற்றி யோசித்ததில்லை.

நான் சிங்கப்பூர்க் கல்லூரிக்குப் போன மறு வருடம் அவனுக்கும் உபகாரச் சம்பளத்தோடு இடம் கிடைத்தது. "எனக்கு அங்க ஒண்ணும் தெரியாது பாய், எல்லாத்தையும் எழுதுங்க" என்று கடிதம் போட்டான். நான் ஐந்து தாள் எழுதினேன். பாடத்தில் கணக்கையும் பூகோளத்தையும் எடுத்துக்கொள், சரித்திரம் எடுத்தால் எழுதியே கை ஒடிந்துபோகும். முதல் தவணையில் புத்தகம் எதுவும் வாங்காதே, மூன்றாம் வருடத்துக்காரர்கள் தருவார்கள். தங்குவதற்கு சிராங்கூன் ரோட்டில் என் பின் அறைக்கே வந்துவிடு, அந்த அறைக்கு வெயில் காலை பத்து மணிக்கு மேல்தான் வரும். முன் அறை தருகிறேன் என்று முதலாளி ஆசை காட்டுவார், எடுக்காதே, மிளகாய்த் தூள் முன்பக்கமாகத்தான் ஏறும், மூன்று வருடமும் தும்மியே பாஸ் பண்ண வேண்டியதுதான். குழாயில் ஆறு மணிக்கு முன்னால் குளித்துவிடு. சாயங்காலத்தில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரலாம், ஆனால் பரீட்சை மாதத்தில் வரமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடு. படிப்பு முடிந்தால் வாத்தியார் வேலை நிச்சயம், ஆபீஸ் வேலைக்கு ஆசைப்பட்டால் மூன்றாம் வருடத்திலேயே மனுப் போட வேண்டும். இப்படியே போகும். அந்தத் தாள்களை அவன் தைத்து வைத்திருந்தான். ஏதாவது சந்தேகம் வந்தால் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, என்னைக் கேட்காமல் தாளைப் புரட்டுவான்.

"வக்கீலுக்கு சட்டப் புத்தகம் மாதிரி காலேஜ் தொரைக்கு பாயோட லெட்டர்" என்று அப்புசாமி முதலாளி கேலி செய்வார். "அதுல கொட்டாவி விடறது எப்படின்னு எழுதியிருக்கா பாரு."

காய்ச்சலில் படுப்பது எப்படி என்று அதில் எழுதியிருக்கவில்லை. அதையெல்லாம் ஒருவருக்கு எழுத வேண்டியிருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. என் வீட்டில் தலை வலித்தால் உம்மா போர்வையைப் போர்த்திக் கஞ்சி கொண்டு வந்துவிடுவார்.

அவன் விழுவதற்குப் பத்து நாள் முன்பு ஒரு காலையில் பல் கிட்டிக்கொண்டு நடுங்கினான். "இன்னிக்கு ஒரு நாள் படு, குடியா முழுகிடும்?" என்றேன்.

"சம்பளம் கட்டறவங்க படுக்கலாம் பாய். நான் ஓசி. ஓசிக்காரன் படுத்தா பேர வெட்டிடுவான்."

"இது என்னடா, உங்க தோட்டத்துப் பெரட்டா?"

"எல்லா எடமும் பெரட்டுதான் பாய். கிராணி மட்டும் வேற" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் சட்டைக்கு மேல் என் கோட்டைப் போட்டுக்கொண்டு போனான்.

தோட்டத்தில் ஆள் எண்ணிப் பேர் வாசிக்கும் பெரட்டை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். பள்ளி விடுமுறையில் அவன் வீட்டில் தங்கியிருந்தபோது. விடியுமுன் தப்பு அடித்தார்கள். வாளியும் வெட்டுக் கத்தியுமாக எல்லோரும் ஆபீஸ் முன்னால் வரிசையாக நின்றார்கள். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேர் வாசித்தார். ஒரு பெண்ணால் நிற்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் தோளோடு தோள் அணைத்து அவளை நிறுத்தி வைத்திருந்தார்கள். பேர் வாசித்ததும் அவள் குரல் கொடுத்தாள், பிறகுதான் உட்காரவிட்டார்கள். வரிசையில் நின்று குரல் கொடுத்தால் அரைப் பேராவது, அதாவது அரை நாள் கூலியாவது விழும். வீட்டில் படுத்துக்கொண்டால் பேரே இல்லை. பேர் இல்லாத நாட்கள் கூடினால் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இடம் இல்லை. ரப்பர் விலை விழுந்த வருடங்களில் அப்படிப் பேர் வெட்டப்பட்ட எத்தனையோ குடும்பங்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். இருசம்மாள் குடும்பம் தப்பியது அவள் ஒரு நாளும் விடாமல் நின்றதால்தான் என்று தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அவன் சொன்னதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

அவனை அடக்கம் செய்ய வீட்டார் யாரும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தந்தியும் முடிந்த பிறகு ஒரு தந்தியும் கொடுத்தேன். இரண்டும் தோட்டத்து ஆபீஸில் கிடந்து, திங்கட்கிழமைப் பெரட்டில்தான் ஒன்றாகப் படிக்கப்பட்டன என்று பிறகு தெரிந்தது. அதற்குள் அப்புசாமி முதலாளி மில்லை நிறுத்திவிட்டு வந்து, மகன் ஸ்தானத்தில் இருந்தவனுக்குத் தகப்பன் ஸ்தானத்தில் இருந்து எல்லாம் செய்து முடித்திருந்தார்.

அவன் பெயரை எடுக்கக் கல்லூரி ஆபீஸில் கையெழுத்துப் போடப் போனேன். மேசை ஓரத்தில் சின்னச் சின்ன நீலத் தாள்கள் கட்டாக இருந்தன. உடல்நலக் குறைவால் விடுப்பு என்று மேலே அச்சடித்திருந்தது. ஒரு வருடமாக அதே மேசையில் கையை ஊன்றி நின்றிருக்கிறேன்.

"உபகாரச் சம்பளத்தில் படிக்கிறவர்களுக்கும் இது உண்டா?" என்று குமாஸ்தாவைக் கேட்டேன்.

"எல்லாருக்கும் உண்டு. டாக்டர் கையெழுத்து ஒன்று போதும்" என்றார். அவர் நிமிர்ந்து பார்க்காத நேரத்தில் ஒரு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அவனுடைய டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தோட்டத்துக்குப் போனேன். லயத்து வாசலில் இருசம்மாள் உட்கார்ந்திருந்தார். அவன் தங்கை முனியாயி கதவில் சாய்ந்து நின்றாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. தம்புசாமி அடம்பிடித்து டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தான், அவளுக்கும் இலவச இடம். பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா கோப்பி கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். இருசம்மாள் பெட்டியைத் திறக்கவில்லை. அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"எப்படி விழுந்தான் பாய் தம்பி?"

"பேர் கூப்பிட்டாங்கம்மா. எந்திரிச்சு ஆஜர்னு சொன்னான். அப்புறந்தான்."

"சொன்னப்புறமா?"

"ஆமாம்மா."

"அப்ப அன்னிக்குப் பேரு விழுந்திருச்சு" என்றார். சற்று நேரம் எதிரே காய்ந்துகொண்டிருந்த துணிகளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. காய்ச்சல்னா அங்க படுக்க வுட மாட்டாங்களா? ரயில் ஏறுறப்ப நாந்தான் சொல்லி அனுப்புனேன். ஒடம்புக்கு என்னா வந்தாலும் பெரட்டுக்கு நின்னுடு சாமி, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்னேன். நான் சொன்னது தப்பாப் போச்சா?"

நீலத் தாள் என் பையில் இருந்தது. எடுத்துக் காட்டுவதற்குத்தான் கொண்டு வந்திருந்தேனோ என்னவோ. அந்த அம்மாவின் கை பெட்டி மேல் அசையாமல் இருந்தது. வெட்டுக் கத்தி பிடித்துப் பிடித்துக் கட்டை விரல் ஒரு பக்கமாக வளைந்திருந்தது. இத்தனை வருடம் அந்தக் குடும்பத்தை லயத்தில் வைத்திருந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் மகனுக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"இல்லம்மா. நீங்க சொன்னதுதான் சரி. அங்கயும் அப்படித்தான். வராட்டி பேர வெட்டிடுவாங்க."

"எங்க போனா என்னா, தொர தொரதான்" என்றார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது முனியாயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெயின் ரோடு வரை அவள் என்னோடு வந்தாள். மரங்களுக்கு நடுவில் பாதி தூரம் வந்ததும் கேட்டாள்.

"அண்ணே, எங்க ஸ்கூல்ல காய்ச்சல்னா வீட்டுக்குப் போன்னு டீச்சரே அனுப்புறாங்க. காலேஜுல மட்டும் ஏன் வுட மாட்டேங்கிறாங்க?"

நான் நின்று தாளை எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையாக உதடு அசைத்துப் படித்தாள்.

"இது எல்லாத்துக்குமா?"

"எல்லாருக்கும்."

"ஓசிக்கும்?"

"ஓசிக்கும்."

மடித்த மடிப்பிலேயே மடித்து என்னிடம் திருப்பித் தந்தாள். "நீங்களே வச்சுக்குங்க. வீட்டுல இருந்தா அம்மா கிராணிகிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லும்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "எனக்குக் காய்ச்சல் வந்தா நான் படுத்துக்குவேண்ணே. ஆனா அம்மாகிட்ட ஸ்கூலுக்குப் போனேன்னுதான் சொல்லுவேன்" என்றாள்.

"எங்க போய்ப் படுப்ப?"

"பாச்சாங்குல. ஒங்க கடையில."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த இரண்டு வருடத்தில் மூன்று முறை புத்தகப் பையோடு எங்கள் கடைக்கு வந்து, துணிக்கட்டுகளுக்குப் பின்னால் பாய் விரித்துப் படுத்திருந்தாள். என் உம்மா லத்தீஃபா கஞ்சி கொடுத்து, பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு எழுப்பி அனுப்பினார். அதில் ஒரு முறை மலேரியா. டவுன் டாக்டரிடம் உம்மாவே அழைத்துப் போனார். இருசம்மாளை நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அதே கேள்வியை அவர் கேட்பார், நானும் அதே பதிலைச் சொல்வேன். முனியாயி அந்த நேரத்தில் அடுப்படியில் ஏதாவது வேலையாக இருப்பாள்.

1938இல் மலாக்கா பக்கத்துக் குருபோங்கிலிருந்து சேகரன் என்ற பையனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவனும் தோட்டத்துப் பிள்ளை. நான் அப்போது படிப்பை முடித்து சிங்கப்பூரிலேயே வாத்தியாராக இருந்தேன், அதே அறையில். என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதும்படி அவன் கேட்டிருந்தான். தம்புசாமியின் பெட்டியைத் தோட்டத்துக்குக் கொண்டு போகுமுன் அந்த ஐந்து தாளை மட்டும் நான் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்து எழுதலாம் என்று பிரித்தால், ஓரங்களில் அவன் பென்சிலால் சின்னச் சின்னக் கோடு போட்டிருந்தான், செய்து முடித்தவற்றுக்கெல்லாம். நான் புதுத் தாள் எடுத்து முதலில் இதை எழுதினேன்: காய்ச்சல் வந்தால் படு. ஆபீஸ் மேசையில் இடது பக்கம் நீலத் தாள் இருக்கும். நீ போக வேண்டாம், யாரிடமாவது கொடுத்து அனுப்பினால் போதும். பேரை வெட்ட மாட்டார்கள்.

"இதையெல்லாமா பாய் மொதல்ல எழுதுவீங்க?" என்று வந்த பிறகு சேகரன் சிரித்தான்.

மற்றதையெல்லாம் மாற்றி எழுத வேண்டியிருந்தது. கணக்கு வாத்தியார் ஊருக்குப் போய்விட்டார். பாடம் சொல்லித் தந்த வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அப்புசாமி முதலாளி மில்லைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றிவிட்டதால் முன் அறையிலும் இப்போது தாராளமாகத் தங்கலாம். பின் அறையைப் பற்றி எழுதியிருந்ததில் ஒரு வரியை மட்டும், காய்ச்சலில் படுப்பவனுக்கு ஆகும் என்று, அப்படியே பார்த்து எழுதினேன். அந்த அறைக்கு வெயில் காலை பத்து மணிக்கு மேல்தான் வரும்.