வேர்னன் கோல்டருக்கு ஒரு பூசை

"அவர் வேதக்காரர்தானோ எண்டாவது தெரியுமே, அண்ணை?"

"படத்திலை சிலுவை போட்டவர்."

"படத்திலையோ?"

"ரெண்டு படத்திலை. ஒண்டிலை சுவாமியாராவே வந்தவர். லத்தீனிலை பூசை வைச்சவர், பிழையில்லாமல்."

மதலேன் தராசில் கிடந்த வெண்டிக்காயை மறந்துவிட்டு மடுத்தீனைப் பார்த்தாள். பிறகு, அவருக்குப் பின்னால் கூடையோடு நின்ற அவருடைய மனைவி மேரிறோஸைப் பார்த்தாள். மேரிறோஸ் தரையைப் பார்த்தாள்.

பாரிசின் ரூ லூயி-பிளாங் தெருவில் இருந்த அந்தக் காய்கறிக் கடையில்தான் மதலேனுக்கு வேலை. மாதத்தின் கடைசி ஞாயிறு நடக்கும் தமிழ்ப் பூசைக்கு, மரித்தவர்களின் பெயர்களைச் சேர்த்துச் சுவாமியிடம் கொடுப்பவளும் அவள்தான். முருங்கைக்காயும் கருவாடும் வாங்க வருகிறவர்கள் போகிறபோக்கில் தங்கள் வீட்டுச் செத்தவர்களையும் சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் ஒரு கடதாசிப் பையின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வாள். தாய், தகப்பன், சுடப்பட்ட தம்பி, பிள்ளைப்பேற்றில் போன மச்சாள் என்று எத்தனையோ பேரை அவள் குறித்திருக்கிறாள். அமெரிக்க நடிகர் ஒருவரை யாரும் இதுவரை கொண்டுவந்ததில்லை.

சொந்தக்காரர்தான் பெயர் கொடுக்க வேண்டும் என்று அவள் மெல்லச் சொன்னாள். அவருக்கு இஞ்சை வேறை ஆர் இருக்கினம் என்று மடுத்தீன் திருப்பிக் கேட்டார்.

பின்னால் வரிசையில் நின்ற பத்திநாதருக்கு வாய் சும்மா இருக்காது. "அவர் ஓடின குதிரைக்கும் சேத்து ஒண்டு ஒப்புக்குடுங்கோவன்," என்றார்.

கடையில் இரண்டொருவர் சிரித்தார்கள். மடுத்தீன் திரும்பினார். மேரிறோஸ் கூடையோடு ஒரு அடி முன்னுக்கு வந்தாள். ஆனால் அவர் கோபப்படவில்லை.

"குதிரை முதலே செத்துப்போச்சு," என்றார், ஒரு தகவலைச் சொல்வதுபோல.

அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. மதலேன் பையைத் திருப்பிப் பேனையை எடுத்தாள். முழுப்பெயரும் வேண்டுமோ என்று கேட்டார் அவர். வேண்டாம், வேர்னன் என்றால் காணும், கடவுளுக்குத் தெரியும் என்றாள் அவள். எழுதி முடித்த பிறகும் பேனையை மூடாமல், ஒரு கணம், மேரிறோஸின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு பெயர் ஏதும் உண்டா என்று எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை அவள் கேட்கவில்லை. இந்தத் தம்பதியிடம் அந்தக் கேள்வியை இப்போது யாருமே கேட்பதில்லை.

பேனாட் அவர்களுடைய ஒரே பிள்ளை. தாயும் தகப்பனும் பாரிசுக்கு வந்தபோது, பள்ளிக்கூடச் சோதினை முடித்துவிட்டு வருகிறேன் என்று ஊரில் நின்றவன். சோதினை முடிந்தபோது, சண்டையால், இளந்தாரிப் பெடியன் ஒருவன் கொழும்புக்குப் போகிற பாதை பாதையாக இருக்கவில்லை. இந்தியாவுக்குப் போய் அங்கிருந்து வருவோம் என்று, மாதகல் கரையில் ஒரு படகில் ஏறினான். படகு அந்தக் கரைக்குப் போய்ச் சேரவில்லை. இந்தக் கரைக்கும் திரும்பி வரவில்லை. அதில் போன சிலரின் உடல்கள் ஒதுங்கின என்று கேள்விப்பட்டார்கள். பேனாட்டினது ஒதுங்கவில்லை.

அது நடந்து இரண்டு வருடமாகிறது. படகில் போன மற்றவர்களின் வீடுகளில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் நடந்தது, பூசையும் நடந்தது. மேரிறோஸ் முதல் வருடம் முழுக்கக் காத்திருந்தாள். பிறகு ஒருநாள், புருஷனுக்குத் தெரியாமல் மதலேனிடம் மகனின் பெயரைக் கொடுத்தாள். கண்ட கனவெல்லாம் தண்ணீராக இருந்தது அவளுக்கு. பிள்ளை எங்கோ ஈரத்தில் நிற்கிறான், செபிக்க ஆளில்லாமல் நிற்கிறான் என்று தோன்றியது. பூசையில் சுவாமி அந்தப் பெயரை வாசித்தபோது மடுத்தீன் வாங்கிலிருந்து எழும்பினார். என்ரை பிள்ளை செத்தவனில்லை, அந்தப் பேரை வெட்டுங்கோ என்றார். சத்தம் போடவில்லை. சாதாரணக் குரலில்தான் சொன்னார். ஆனால் கோயில் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு வீட்டில் அவர் பேசுவதே குறைந்துபோயிற்று. லா கூர்னெவில் ஒரு சாமான் கிட்டங்கியில் பெட்டி அடுக்கும் வேலை. போவார், வருவார், சாப்பிடுவார்.

அப்படிப்பட்ட மனிதர், மதலேனின் கடைக்கு வருவதற்கு மூன்று நாளைக்கு முன், செவ்வாய்க்கிழமை வாய் திறந்தார்.

எட்டு மணிச் செய்தி முடிகிற நேரம், ஒரு கறுப்புவெள்ளை முகம் திரையில் வந்தது. அகன்ற தாடை. ஒரு புருவம் மற்றதைவிடக் கொஞ்சம் உயரம். மேரிறோஸ் சோற்றுக் கரண்டியோடு நின்றாள். செய்தி வாசிப்பவர் சொன்ன பிரெஞ்சில் அவளுக்கு விளங்கியது, இறந்தார் என்ற ஒரு சொல்தான். அந்தச் சொல் போதுமாக இருந்தது. தொடர்ந்து அந்த மனிதர் குதிரையில் போனார், ஒரு பெண்ணின் தோளைத் தொட்டார், எதையோ பிரெஞ்சில் பேசினார்.

"உது அவற்ரை குரல் இல்லை," என்றார் மடுத்தீன். "இவங்கள் வேறை ஆரையோ விட்டுப் பேச வைச்சிருக்கிறாங்கள். செத்த வீட்டிலையாவது மனிசன்ரை சொந்தக் குரலைக் கேக்க விடலாமெல்லோ."

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் படம் ஓட்டிய ஒரு தியேட்டரில் அவர் ஒப்பரேற்றராக இருந்தவர். ஊரடங்கு வந்து இரவுக் காட்சிகள் படுத்து, கடைசியில் தியேட்டரே படுக்கும்வரை, படம் ஓட்டும் சின்ன அறையின் வெக்கையில் நின்றவர். கொழும்பிலிருந்து படப்பெட்டியோடு வரும் விளம்பரத் தாள்களை, மற்றவர்கள் கச்சான் கடலை சுற்றக் கொடுத்துவிடுவார்கள். அவர் வாசிப்பார். வாசித்தது எல்லாம் அன்றைக்குச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வந்தது. மேரிறோஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். கோல்டரின் கதை அவளுக்குப் பெரிதில்லை. வீட்டில் ஒரு குரல் கேட்கிறதே என்று இருந்தது.

வேர்னன் கோல்டர் பிறந்தது நிலக்கரி தோண்டும் ஓர் ஊரில். தகப்பனை நிலத்துக்குள்ளேயே விட்டுவிட்டுப் பதின்மூன்று வயதில் ரயிலேறியவர். ஒரு ஹோட்டலில் லிஃப்ட் இழுத்தார். முதல் படத்தில் அவருடைய கை மட்டும்தான் வரும். கதாநாயகனுக்குக் கார்க் கதவைத் திறந்துவிடுகிற கை. அது கோல்டரின் கை என்பது யாழ்ப்பாணத்தில் மடுத்தீன் ஒருவருக்குத்தான் தெரியும். பிறகு ஒரு சண்டைப் படத்தில் தண்ணீர் கேட்டுச் சாகிற சிப்பாய். அந்த ஒரு வாய்த் தண்ணீருக்காகச் சனம் திரும்பத் திரும்ப வந்தது. அதற்குப் பிறகு அவரை யாரும் பிடிக்க முடியவில்லை. பெரிய பரிசு கொடுத்தபோது மேடையில் ஏறி, தாயின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். மூன்று கலியாணம், மூன்றும் நிலைக்கவில்லை. குடி. படப்பிடிப்புக்கு வராத நாட்கள். வழக்கு. பெரிய எழுத்தில் இருந்த பெயர் சுவரொட்டியில் கீழே கீழே இறங்கிவந்தது. பிறகு நீதவானாக வந்தார், கதாநாயகியின் தகப்பனாக வந்தார். கடைசிப் படத்தில் ஒரு கிழவனாக யன்னலோரம் முதுகைக் காட்டியபடி இருந்தார், ஒரு வசனமும் இல்லாமல்.

"ஆனா மேரி, சாகிறதிலை அவரை மிஞ்ச ஆளில்லை," என்றார் மடுத்தீன். "றோட்டிலை சூடு பட்டுச் செத்தவர். தூக்கிலை செத்தவர். தாயின்ரை மடியிலை செத்தவர். ஒவ்வொண்டும் ஒவ்வொரு விதம்."

அவர் இப்போது மூன்று சாவைச் சொன்னார். நான்காவது ஒன்று இருந்தது என்பது மேரிறோஸுக்குத் தெரியும். அதை அவர் சொல்லாமல் விட்டதை அவள் கவனித்தாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

நான்காவது, கடல். புயலில் உடைந்த கப்பலிலிருந்து மற்றவர்களை எல்லாம் இறக்கிவிட்டுக் கோல்டர் தாழ்ந்துபோவார். தொப்பி மட்டும் தண்ணீரில் மிதக்கும். அந்தப் படம் பழசாகித் திரும்ப வந்தபோது பேனாட்டுக்கு ஆறு வயது. தகப்பனோடு ஒப்பரேற்றர் அறைக்குப் போய்ச் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தவன், தொப்பி மிதந்ததும் அழத் தொடங்கினான். சனம் கலைந்த பிறகும் நிறுத்தவில்லை. மடுத்தீன் அவனை ரீல் சுற்றும் மேசையில் ஏற்றி இருத்தினார். கடைசி ரீலைக் கையில் எடுத்து, ஒரு மின்குமிழுக்கு முன்னால் பிடித்து, படம் படமாகப் பின்னுக்கு இழுத்துக் காட்டினார். தொப்பி அசைந்தது. தொப்பிக்குக் கீழே ஒரு நெற்றி வந்தது. கண் வந்தது, தோள் வந்தது. இரண்டு கையும் வந்து கப்பலின் விளிம்பைப் பிடித்தன. கடல் கீழே இறங்கிப்போக, மனிதர் மேலே நின்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த பேனாட் செருப்பைக்கூடக் கழற்றாமல் தாயிடம் ஓடிவந்தான். "அம்மா, அவர் செத்தவரில்லை. அப்பா இழுத்து எடுத்திட்டார். அப்பா இருக்குமட்டும் அவர் சாகமாட்டாராம்."

பதினாறு வயதிலும் அவன் வாசற்படியில் ஒரு புருவத்தை உயர்த்திக்கொண்டு நின்று, அப்பா ரீலைச் சுத்துங்கோ என்று பகிடி பண்ணுவான்.

வியாழக்கிழமை செய்தியில் கோல்டரின் அடக்கம் காட்டினார்கள். மழை, கறுப்புக் குடைகள், பூவால் மூடிய ஒரு பெட்டி. எல்லாம் தும்முவதற்குள் முடிந்துவிட்டது. மடுத்தீன் திரை மாறிய பிறகும் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை வேலையால் வந்ததும், மதலேனின் கடைக்குப் போய்வருவோம், நீயும் வா என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கோயில் நிறைந்திருந்தது. லெ பிளாங்-மெனிலிலிருந்து வருகிறவர்கள், ரயில் பிந்தியதால், கடைசியாக வந்து பின்வரிசையில் நின்றார்கள். மன்றாட்டு நேரத்தில் சுவாமி பெயர்களை வாசித்தார். கிறகோரி, அந்தோனியா, வேர்னன், செசீலியா. அந்தப் பெயர் அங்கே ஒருவருக்கும் புதினமாகப் படவில்லை. ஊரில் கரையோரத்துக் கோயில் பங்குகளில் எத்தனையோ வேர்னன்கள் இருந்தார்கள். சுவாமி அடுத்த பெயருக்குப் போய்விட்டார். மடுத்தீன் போகவில்லை. முன்வாங்கின் முதுகைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, ஒரு செத்தவீட்டுக்காரர் அழுகிற மாதிரி அழுதார். மேரிறோஸ் அவருடைய முதுகில் கை வைத்தாள். இரண்டு வருடத்தில் அவர் அழுது அவள் கண்டது அதுதான் முதல் தடவை.

பூசை முடிந்து வெளியே வந்தபோது படியில் ஆட்கள் நின்றார்கள். அழுததைக் கண்டவர்கள் கை கொடுக்க வந்துவிட்டார்கள். முதலில் வந்தது ஊரில் அவர்களுடைய பங்கைச் சேர்ந்த இம்மாகுலேற் ஆச்சி.

"எப்ப தம்பி நடந்தது?"

மேரிறோஸ் வாயைத் திறந்தாள். அவள் சொல்வதற்கு முன் மடுத்தீன் பதில் சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை."

"வருத்தமோ?"

"ஓம். கனகாலம் படுக்கை."

"கிட்ட இருந்து ஆர் பாத்தவை?"

"ஒருத்தரும் இல்லை. ஒரு நேர்ஸ் மட்டும்."

"ஐயோ. உமக்குப் போகேலாமல் போச்சோ?"

"காட் இன்னும் வரேல்லை, ஆச்சி."

அந்தப் பதில் அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்த பதில். அகதிக் காட் வராததால் ஊருக்குப் போய்த் தாயின் முகம் பார்க்க முடியாதவர்களும், தகப்பனுக்குக் கொள்ளி வைக்கப் போக முடியாத நண்பர்களைத் தேற்றியவர்களும் அங்கே நின்றார்கள். தலையாட்டினார்கள். ஆச்சி அவருடைய கையை விடவில்லை.

"அடக்கமெண்டாலும் ஒழுங்கா நடந்ததோ?"

"ஓம்," என்றார் மடுத்தீன். "பெட்டியைக் கண்டனான்."

பெட்டி என்று சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். இரண்டு வருடமாக எந்தக் கையையும் பிடிக்க விடாத மனிதர், வந்த கையையெல்லாம் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் பத்திநாதர் வந்தார். கடையில் நின்றவர், யார் இந்த வேர்னன் என்று தெரிந்தவர். மேரிறோஸ் அவரையே பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றி, மடுத்தீனின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"மனவருத்தம், அண்ணை," என்றார்.

இருவரும் நடந்து வந்தார்கள். லா ஷப்பலில் மெத்ரோ ரயில் தெருவுக்கு மேலே, இரும்புத் தூண்களில் ஓடும். அதன் கீழே மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். மடுத்தீனின் முகம் காய்ச்சல் விட்ட ஆளின் முகம்போல இருந்தது. கோல்டரின் அம்மாவுக்குப் பெயர் மேரி, அதை மேடையில் அவர் எவ்வளவு வடிவாகச் சொன்னார் தெரியுமோ என்றார். அவர் இப்படிப் பேசிக்கொண்டு நின்றது அவளுக்குப் பிடித்திருந்தது. இந்த நேரத்தில் கேட்டால் இந்தக் குரலும் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. கேட்காவிட்டால் பிள்ளை இன்னும் ஒரு மாதம் ஈரத்தில் நிற்பான்.

மேலே ரயில் வந்து நின்று, புறப்பட்டது. சத்தம் அடங்கும்வரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு, ஆச்சி பிடித்திருந்த அதே கையைப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ," என்றாள். "வாற மாசம் மதலேனிட்டை எங்கடை பிள்ளையின்ரை பேரையும் சொல்லுவமே? நான் சொல்லமாட்டன். நீங்களே உங்கடை வாயாலை சொல்லுங்கோவன்."