அரைக்கட்டை ஏற்றம்

அந்தக் குடும்பத்தில் வாயைத் திறந்தால் பாட்டு, கையை நீட்டினால் வாத்தியம். அக்கா பாடுவாள், அவள் கணவர் புல்லாங்குழல், கடைக்குட்டி வயலின். நடுவில் பிறந்தவன் கீபோர்டு. அவனை எல்லோரும் ‘ஸ்ருதிப்பெட்டி’ என்றுதான் கூப்பிட்டார்கள். குக்கர் விசில் அடித்தால் எத்தனை கட்டை என்று ஏழு வயதிலேயே சொன்ன ஆள். பத்தொன்பதில் ரெக்கார்டிங், முப்பதில் சொந்தக் குழு. தன் காதை நம்பித்தான் குடும்பமே பிழைக்கிறது என்று கொஞ்சம் அதிகமாகவே பீற்றிக்கொள்வான். அதில் பாதி உண்மைதான்.

ஐம்பத்திரண்டாம் வயதில், ஒரு காலை, லிப்டின் மணி அரைக்கட்டை ஏறி ஒலித்தது. யாரோ ரிப்பேர் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தான். அடுத்த வாரம் செல்போன் ஏறியது. அப்புறம் கீபோர்டே ஏறியது. பிசகியது தன் காதுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஆர்மோனியக்காரர். ஊரே சுருதி தப்பிவிட்டது என்று கண்டவரோடெல்லாம் மல்லுக்கு நின்றார். சுருதி சேர்க்கிறேன் என்று ஆர்மோனிய ரீடுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டித் தள்ளினார். கடைசியில் யாரும் சேர்த்துக்கொள்ளாமல் ஒரு அறையில் கிடந்து செத்தார்.

எனவே இவன் மூச்சு விடவில்லை. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான் உண்டு, எல்லா ஸ்வரத்தையும் ஒரேயடியாக ஏற்றும், இறக்கும். திரையில் பூஜ்யம் இருந்தால் சரியான சுருதி. காதை நம்பாதே, பூஜ்யத்தை நம்பு என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டான். ஒரே ஒரு மேடையில் மட்டும் கை தவறி அரைக்கட்டை இறக்கிவிட்டான். பாட்டு நாராசமாகி நின்றது. "மிஷின் மக்கர் பண்ணிடுச்சு" என்று சமாளித்தான். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தான், பாவம்.

ஏழு மாதம் கழித்து ஒரு கம்பெனி ஆண்டுவிழா. முதல் பாட்டுக்கு முன்னிசை அவனுடையது மட்டும். தொடங்கினான். இயர்போனில் எல்லாம் ஏறிக் கேட்டது. திரையில் பூஜ்யம். இரண்டு வரி பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தான். மூன்றாவது வரியில் விரல் தானாகப் போய்ப் பொத்தானை அழுத்தி அரைக்கட்டை இறக்கியது. அப்பாடா என்றிருந்தது.

அக்கா பாட்டை எடுத்தாள். இயர்போனில் அவள் குரலும் அவன் வாசிப்பும் ஒன்றையொன்று கடித்துக் குதறின. போச்சு, எல்லாம் போச்சு என்று நிமிர்ந்தான். முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு விரல் பிசகினாலும் திரும்பி முறைக்கும் தம்பி, கண்ணை மூடி வில்லை இழுத்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குச் சந்தேகம் தட்டியது. இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்தான். ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றினான்.

மண்டபத்து ஸ்பீக்கரில் கீபோர்டு ஒலித்துக்கொண்டே இருந்தது. அவன் போடும் அதே கமகம், அவன் விடும் அதே இடைவெளி.

இடைவேளையில் சவுண்டுக்காரரைப் பிடித்தான். அவர் கேபிள் சுற்றுவதுபோல் குனிந்துகொண்டார்.

"உங்க பழைய ரெக்கார்டிங்தான் சார். ஏழு மாசமா உங்க லைன் உங்க காதுக்கு மட்டும்தான், வெளிய போறதில்ல. அக்காதான் சொன்னாங்க."

அக்கா மேடைக்குப் பின்னால் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்டா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ எங்ககிட்ட சொன்னியா?" அவள் குரல் உடைந்தது. "அப்பா மாதிரி உன்னையும் ரூமுக்குள்ள போட்டுப் பூட்டச் சொல்றியா? எனக்கு மனசு வரலடா. நீ பாட்டுக்கு வாசி. உனக்கு எப்படிக் கேக்குதோ அப்படியே வாசி. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல."

அவளுடைய அன்பு அவனைப் பயமுறுத்தியது. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"நான் வீட்டுக்குப் போறேன்."

"பாதியில போனா ஜனங்க கேப்பாங்க. வா, வந்து உக்காரு."

கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். மைக்கில், "அடுத்த பாட்டுக்கு என் தம்பியோட முன்னிசை" என்றாள். கைதட்டல் அடங்கியது. அவன் விரலை வைப்பதற்கு முன்பே முன்னிசை தொடங்கிவிட்டது.