சும்மா போன வழி

தங்கை நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் தச்சர் தொண்டையைச் செருமினார். அக்காவின் நீலக் கம்பளிச் சட்டையில் ஒரு பொத்தான் போன குளிருக்கே விழுந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் தைக்கிறவ, எனக்கு ஒரு பொத்தான் வைக்க மாட்டியா?" என்று அக்கா வருஷம் முழுக்கச் சொல்லிக்காட்டினாள். இப்போது வைத்தாகிவிட்டது. தங்கை இழுத்துப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது.

"பெட்டி தயார்மா. மூணு மணிக்கு எடுத்துடலாம்" என்றார் தச்சர். "வழி மட்டும் சொல்லுங்க."

அந்த ஊரில் இறந்தவரை நேராக இடுகாட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். உயிரோடு இருந்தபோது தினமும் நடந்த வழியில் ஒரு முறை சுற்றிக்கொண்டுதான் போவார்கள். பால்காரர் என்றால் பால் ஊற்றிய தெருக்கள். வாத்தியார் என்றால் பள்ளிக்கூடத்து வாசல்வரை. வழியைச் சொல்ல வேண்டியது வீட்டு ஆள். வீட்டு ஆள் சொல்லிவிட்டால் ஊரில் வேறு யாரும் மறுத்துப் பேசக் கூடாது. எப்போது ஆரம்பித்த பழக்கம் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

தங்கை சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள்.

அக்காவைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் நேற்றுக் காலை அக்கா கண்ணை மூடும்வரை நினைத்திருந்தாள். எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பாள், எந்தப் பல்லில் வலி, தபால் ஆபீசில் முத்திரை குத்திக் குத்தி எந்த விரல் மரத்துப்போனது, எல்லாம் தெரியும். ஊரே அவளை முத்திரையம்மா என்றுதான் கூப்பிட்டது. ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு எங்கே போவாள் என்பது மட்டும் தெரியாது.

சேர்ந்து வாழ ஆரம்பித்த புதிதில் கேட்டிருக்கிறாள்.

"எங்கக்கா போற?"

"சும்மா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்."

அந்தச் சொல் முகத்தில் கதவைச் சாத்தியதுபோல இருந்தது. கூடப்பிறந்தவளிடம் சொல்ல முடியாத இடம் என்ன இடம்? இரண்டாம் வருஷம் கேட்பதை நிறுத்திவிட்டாள். ரோஷம். பிறகு தானாகவே ஒரு பதிலைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டாள்: என் தையல் மெஷின் சத்தத்திலிருந்தும் என் புலம்பலிலிருந்தும் தப்பித்து ஓடுகிறாள். அதற்குப் பிறகு இத்தனை வருஷமும் அந்தப் பதிலோடுதான் ஐந்து மணியானால் பெடலை இன்னும் வேகமாக மிதித்தாள்.

"வழிம்மா" என்றார் தச்சர் மறுபடியும்.

"ஆத்தங்கரைதான்" என்றாள் தங்கை. "பாலம் வரைக்கும் போயிட்டுத் திரும்புவா."

தச்சர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"ஆத்தங்கரையா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்லம்மா. நீங்க சொன்னா சரி."

மூன்று மணிக்குப் பெட்டியை ஆறு பேர் தூக்கினார்கள். வீட்டு ஆள் என்பதால் தங்கை முன்னால் நடந்தாள். மழையெல்லாம் பெய்து ஓய்ந்து, குளிர் இன்னும் இறங்காத நாட்கள். தெருவோர மரங்கள் பாதி இலையை உதிர்த்துவிட்டிருந்தன. அவள் எதையும் பார்க்கவில்லை. பொய் சொன்ன வாய் உலர்ந்துபோயிருந்தது.

மாவு மில்லுக்குப் பக்கத்தில் சாலை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் ஆறு. வலது பக்கம் மேட்டுக்கு ஏறும் சாலை. அவள் இடது பக்கம் திரும்பினாள். பின்னால் வந்தவர்களின் காலடிச் சத்தம் ஒரு கணம் தடுமாறி, பிறகு தொடர்ந்தது.

திரும்பிப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மேட்டுச் சாலையில் வீட்டுக்கு வீடு கதவு திறந்திருந்தது. எல்லோரும் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். கடைசி வீட்டுக்காரி கையில் ஒரு கொத்துப் பூ வைத்திருந்தாள். பெட்டி ஆற்றுப் பக்கம் போவதைப் பார்த்ததும் அந்தப் பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

ஊருக்கே தெரிந்திருக்கிறது. தனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

இன்னும் பத்தடி நடந்தாள். இருபதடி. ஆற்றின் ஈர வாடை வந்தது. இந்த வாடை வந்தாலே அக்கா மூக்கைப் பொத்திக்கொள்வாள். கடைசியாக ஒரு தடவை நடக்கப்போகும் வழியிலும் மூக்கைப் பொத்தவைக்க வேண்டுமா?

"நில்லுங்க" என்றாள்.

ஆறு பேரும் நின்றார்கள்.

"நான் பொய் சொல்லிட்டேன். அவ எங்க போவான்னு எனக்குத் தெரியாது. ஒரே வீட்டுல முப்பத்தொரு வருஷம் இருந்தேன். எனக்குத் தெரியாது."

பெட்டிக்குப் பின்பக்கம் தோள் கொடுத்திருந்தவர் மூச்சு விட்டார்.

"அப்பாடா. பாலத்துல ஏறி இறங்கியிருந்தா அடுத்த பெட்டி எனக்குத்தான்."

"வாயை மூடுய்யா" என்றார் தச்சர். பிறகு தங்கை பக்கம் திரும்பினார். "வீட்டு ஆளு சொன்னாத்தான் ஊரு வாயத் திறக்கக் கூடாது. தெரியாதுன்னு சொல்லிட்டா திறக்கலாம்."

"அப்படி ஒரு வழக்கம் இருக்கா என்ன?" என்றது ஒரு குரல்.

"இன்னைலேர்ந்து இருக்கு."

அவ்வளவுதான். அடைத்துவைத்திருந்த மடையைத் திறந்துவிட்டதுபோல எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"மேட்டுப் பக்கம்தாம்மா!" என்றார் செருப்பு தைப்பவர். "வலது செருப்புல வெளிப்பக்கம் மட்டும் தேயும். சரிவுல குறுக்கா நடக்கிற காலு அது. நாலு மாசத்துக்கு ஒரு தடவை நான்தான் அடி போட்டுக் கொடுப்பேன்."

"எங்க வாசல்ல நின்னு ஒரு சொம்புத் தண்ணி குடிப்பாங்க" என்றாள் அதற்குள் பூவோடு ஓடிவந்துவிட்ட கடைசி வீட்டுக்காரி. "எங்க நாய் அவங்களப் பாத்து ஒரு நாளும் குரைச்சதில்ல. உங்களப் பாத்தாத்தான் குரைக்கும்."

"என்னப் பாத்து எப்பக் குரைச்சுது?" என்றாள் தங்கை.

"ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்க வந்தீங்களே, அப்ப!"

யாரோ சிரித்தார்கள். சிரித்ததற்குச் சங்கடப்பட்டு இருமினார்கள். தங்கைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் கண்ணும் நிறைந்தது.

பெட்டி திரும்பியது. ஒவ்வொரு திருப்பத்திலும் யாராவது ஒருவர் தனக்குத் தெரிந்த துண்டு வழியைச் சொன்னார்கள். இங்கே வேலியை ஒட்டி. இங்கே சாலையை விட்டு இறங்கி வரப்பில். சேறு என்றால் அந்தக் கல்லில் கால் வைத்து. தங்கையும் அந்தக் கல்லில் கால் வைத்தாள். வழுக்கவில்லை. நடுவில் ஒரு இடத்தில் மூச்சு வாங்கியது. இந்த வயதில் தினமும் இதையா ஏறினாள் என்று நினைத்தாள். பொறாமையாகக்கூட இருந்தது.

மேட்டின் உச்சியில் பாதை முடிந்துபோனது. அறுவடை முடிந்த வயல்கள் கீழே விரிந்து கிடந்தன. ஒரு தட்டைப் பாறையில் ஆட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"இங்க வரைக்கும்தான்மா வருவாங்க" என்றாள் தங்கையிடம். "இதுல உக்காந்து வானத்தப் பாப்பாங்க. அதுவும் மழை ஓஞ்ச இந்த ரெண்டு மாசத்துல ஒரு நாளும் தவறாது. பாத்துட்டு எறங்கிருவாங்க."

"யாராவது வருவாங்களா? அவளப் பாக்க?"

"என்னோட ஆடுங்கதான்."

தங்கை குரலைத் தாழ்த்தினாள். "என்னப் பத்தி எதுவும் சொல்லுவாளா? கோபமா, வருத்தமா... எதுவா இருந்தாலும் சொல்லு. பரவால்ல."

ஆட்டுக்காரி யோசித்தாள். நல்லதாக எதையாவது சொல்லிவைக்கலாமா என்று யோசிப்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. பிறகு தலையை ஆட்டினாள்.

"அதிகம் பேச மாட்டாங்கம்மா. நான்கூட ஒரு நாள் கேட்டேன், எதுக்கு இம்புட்டு தூரம் ஏறி வர்றீங்கன்னு."

"என்ன சொன்னா?"

"சும்மான்னாங்க."

"உன்கிட்டயுமா?"

"சும்மான்னா சும்மாதான்னாங்க. சொல்லிட்டு, சின்னப் புள்ள மாதிரி சிரிச்சாங்க."

வெகுநேரம் இறுக்கிக் கட்டியிருந்த எதையோ அவிழ்த்துவிட்டதுபோலத் தங்கையின் இரண்டு தோள்களும் இறங்கின.

தோள் மாற்றிக்கொள்வதற்காகப் பெட்டியைப் பாறையின் ஒரு பக்கத்தில் இறக்கிவைத்தார்கள். ஆட்கள் துண்டை உதறி முகம் துடைத்தார்கள். வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. மேற்கே மேகங்கள் நீள நீளமாகக் கிழித்துப் போட்டதுபோலக் கிடந்தன. அவற்றுக்கிடையே ஆரஞ்சும் இல்லாத, ரோஜாவும் இல்லாத ஒரு நிறம் பரவிக்கொண்டிருந்தது. அதற்கு எந்த நூல் பொருந்தும் என்று தங்கை மனதுக்குள் தேடினாள். ஒன்று கிட்டத்தட்டப் பொருந்திவந்தது. அதற்குள் நிறம் மாறிவிட்டது.

"எடுக்கலாமாம்மா?" என்றார் தச்சர்.

"கொஞ்சம் இருங்க."

தச்சர் அவள் பார்த்த பக்கம் பார்த்தார். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ஆட்டுக்காரி மறுபடியும் பாறையில் உட்கார்ந்து, கொஞ்சம் நகர்ந்து தங்கைக்கு இடம் விட்டாள்.