முத்திரை இல்லாத எடை மெஷின்

கடைவீதியில் அவளுக்கு முத்திரையம்மா என்று பெயர். எடை அளவுத் துறையில் ஆய்வாளர். இரும்பு எடைக்கற்கள் அடுக்கிய வேனில் வந்து இறங்குவாள், கடைகடையாகத் தராசைச் சோதிப்பாள், சரியாக இருந்தால் முத்திரை குத்துவாள், இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே அதைப் பூட்டி முத்திரை வைத்துவிடுவாள். கடைக்காரர்கள் அவள் முகத்துக்கு நேரே சிரிப்பார்கள், வேன் தெருமுனை திரும்பியதும் திட்டுவார்கள். இரண்டுமே அவளுக்குத் தெரியும். அவளுடைய தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான் பெரிய சட்டம்: முத்திரையைப் போட்டவர் வந்து எடுக்கும்வரை வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. தராசு சரியாகிவிட்டது என்று கடைக்காரர் தலையால் தண்ணீர் குடித்தாலும் நடக்காது.

இப்படிப்பட்டவளிடம் ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டுக் காகிதம் கொடுத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

அப்பாவுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் ஒரு மணி நேரம்தான் நடந்தது, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது ஆபரேஷன் செய்த டாக்டர் ஒரு தாளில், எண்ணெய், வெண்ணெய், பால், முட்டை, மீன், இறைச்சி எதுவும் வேண்டாம், வேகவைத்ததை மட்டும் கொடுக்கவும், மறுபடி நான் பார்க்கும்வரை, என்று எழுதிக் கொடுத்தார். மறுபடி போனபோது அவர் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போயிருந்தார். அவர் இடத்தில் இருந்த சின்ன டாக்டர் தழும்பைத் தடவிப் பார்த்து நன்றாக ஆறிவிட்டது என்றார். சாப்பாட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை. தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியபடியே இருந்தது.

அப்பா நாற்பது வருஷம் பிளம்பராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்தில் குழாய் ஒழுகினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். துருப்பிடித்து இறுகிய மூடியைக்கூடக் கையாலேயே திருகிவிடுவார், அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அப்படிப்பட்ட மனுஷன், ஆபரேஷன் ஆன இரண்டாம் மாதம், தண்ணீர் பாட்டிலின் பிளாஸ்டிக் மூடியைத் திறக்க முடியாமல் அதை மேஜைக்கு அந்தப்புறம் நகர்த்தி வைத்துவிட்டுத் தாகம் இல்லை என்றார். மூன்றாம் மாதம் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்தார். நான்காம் மாதம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க அவள் கை தேவைப்பட்டது.

என்னவென்று தெரியவில்லை. ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரை இல்லை. இருதயத்தைப் பார்த்தார்கள், வயசுக்கு நன்றாகவே அடிக்கிறது. தைராய்டு, சிறுநீரகம், நுரையீரல், ஒன்றிலும் குற்றம் இல்லை. மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். மூவரும் சாப்பாடு எப்படி என்று கேட்டார்கள். மூவருக்கும் அவள் ஒரே பதில்தான் சொன்னாள்: டாக்டர் சொன்னபடி, மூன்று வேளை, ஒரு பிசிறு இல்லாமல். இதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும். இப்படிப் பார்த்துக்கொள்ளும் மகள் யாருக்குக் கிடைப்பாள் என்று டாக்டர்களும் அந்தக் கேள்வியை அத்தோடு விட்டுவிட்டார்கள்.

அவளுக்கு உள்ளுக்குள் பயம் குடைந்துகொண்டிருந்தது. எந்த வியாதியின் பெயரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்களோ, அந்த வியாதிதான் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று நினைத்தாள். வெளிநாட்டில் இருக்கும் தம்பி போனில் அதையே சுற்றி வளைத்துக் கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லாமல், அப்பாவின் தட்டில் இருந்த வேகவைத்த கேரட்டின் மீது கொஞ்சம் எண்ணெய் பளபளப்பு தெரிகிறதே என்று அதை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்தாள். அந்த அளவுக்குப் போய்விட்டது.

தெருக்கோடி கிளினிக்கில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். மூன்றாவதாகப் பார்த்த டாக்டர் அவர்தான். உள்ளே விடுவதற்கு முன்னால் நர்ஸ் அப்பாவை எடை மெஷினில் ஏற்றி, நாற்பத்தொன்பது கிலோ என்றாள். ஆபரேஷன் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அறுபது. மகளாக இருந்தால் நெஞ்சு திக்கென்றிருக்க வேண்டும். ஆனால் அங்கே நின்றது ஆய்வாளர். அவள் கண் எண்ணைப் பார்க்கவில்லை, மெஷினின் பக்கவாட்டைப் பார்த்தது. முத்திரை இரண்டு வருஷத்துக்கு முந்தையது. போதாததற்கு ஒரு கால் தரை ஓட்டின் விளிம்பில் நின்றது.

இந்த மெஷின் செல்லாது என்றாள். நர்ஸ் என்னவோ சொல்லப் பார்த்தாள், விடுவாளா? பிடித்த முயலுக்கு மூன்றே கால். அடையாள அட்டையை எடுத்துக் காட்டி, அங்கேயே நோட்டீஸ் எழுதி, இருபத்தொரு நாளுக்குள் சரிசெய்யச் சொல்லிக் கிழித்துக் கொடுத்தாள். டாக்டர் மிரண்டுபோய், அப்பாவின் சீட்டில் எடை என்ற இடத்தில் ஆஸ்பத்திரியின் அறுபதையே எழுதிக்கொண்டார். உடம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எதற்கும் பெரிய ஸ்கேன் ஒன்று எடுத்துவிடலாம் என்றார். அதற்கு ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்க ஒரு மாதம் ஆகும் என்றார்கள்.

அப்பாவின் சட்டைகள் தொளதொளத்தது அவளுக்குத் தெரியாதா? தெரியும். வயசானால் சதை வற்றும் என்று சொல்லிக்கொண்டாள். அன்றாடம் பார்க்கிற முகத்தில் தேய்மானம் தெரிவதில்லை, தன் வீட்டுத் தராசை மட்டும் யாரும் சோதிப்பதில்லை.

இருபத்தோராம் நாள் காலையில் கிளினிக்குக்கு மறுசோதனைக்குப் போனாள். மெஷினைச் சரிபார்க்க ஆள் வந்ததாகவும், கோளாறு எதுவும் இல்லை என்று திரும்பிப் போய்விட்டதாகவும் நர்ஸ் சொன்னாள். எல்லாக் கடைக்காரரும் சொல்வதுதான். அவள் வேன் டிரைவரைக் கூப்பிட்டாள். ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம் இருக்கிற மனுஷர், இவளோடு பத்து வருஷமாகச் சுற்றுகிறவர். எடைக்கற்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்.

முதலில் மெஷினை அன்றைக்கு நின்ற அதே இடத்தில், ஒரு கால் விளிம்பில் நிற்க, அப்படியே வைத்தாள். பத்து கிலோ வைத்தாள். பத்து. இருபது வைத்தாள். இருபது. நாற்பது. நாற்பதுக்கு மேல் ஐந்தும் இரண்டு இரண்டும் வைத்தாள். நாற்பத்தொன்பது காட்டியது. கற்களை எடுத்துவிட்டு மூலைக்கு மூலை மாற்றி வைத்துப் பார்த்தாள். மறுபடி நாற்பத்தொன்பது. அறுபது வைத்தாள், அறுபது காட்டியது. ஒரு கிராம் பிசகவில்லை.

சட்டப்படி அவள் நோட்டீஸ் கொடுத்தது சரிதான். முத்திரைதான் பழசு, மெஷினில் பழுதில்லை.

அவள் அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அறுபதுக்கும் நாற்பத்தொன்பதுக்கும் நடுவே இருந்த பதினொரு கிலோ இரும்பை எடுத்துத் தனியாகத் தரையில் வைத்தாள். டிரைவர் அதைத் தூக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு கனம். அவ்வளவும் அப்பாவின் உடம்பிலிருந்து போயிருக்கிறது, தன் சமையலறையில், தன் கண்ணெதிரே.

"அண்ணே, எங்கப்பா பதினொரு கிலோ இறங்கிட்டார்ணே," என்றாள்.

டிரைவர் கல்லைக் கீழே வைத்தார். "அவருக்கு என்னம்மா குடுக்கிறீங்க?" என்றார். அவள் சொன்னாள். கேரட், பூசணி, உப்பு குறைத்த கஞ்சி, காய் வேகவைத்த தண்ணீர். எத்தனை நாளாக என்றார். ஐந்து மாதம் என்றாள். அவர் தயங்கித்தான் சொன்னார்: "சட்டியில இருந்தாதானம்மா அகப்பையில வரும்."

டாக்டர் வெளியே வந்தார். பையில் மடித்து வைத்திருந்த அந்தச் சாப்பாட்டுத் தாளின் நகலை எடுத்து நீட்டினாள், எப்போதும் கூடவே இருக்கும். அவர் அதை இரண்டு தடவை படித்தார். இது இரண்டு வாரத்துக்கு, மிஞ்சினால் ஒரு மாதத்துக்கு என்றார். ஆள் மாறியதில் இதை ரத்து செய்ய யாருக்கும் தோன்றவில்லை. அவர் அவளைத் திட்டவில்லை. அன்றைக்கு மெஷினை நம்பாமல் உங்களை நம்பினேன், தப்பு என் பேரிலும் இருக்கிறது என்றார். ஸ்கேன் இருக்கட்டும், அதையும் பார்த்துவிடுவோம், ஆனால் முதலில் அப்பாவுக்குச் சாப்பாடு போடுங்கள், எடுத்த எடுப்பில் நிறையக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, இன்றைக்கு ஒரு முட்டையில் ஆரம்பியுங்கள் என்றார்.

மதியம் அவள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். அப்பா சாப்பாட்டு மேஜையில் கையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள், நோட்டீஸ் கொடுத்ததைக்கூட விடவில்லை. அவர் அதைக் கேட்டுச் சிரித்தார். நர்ஸ் பாவம் என்றார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"பசிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா? அஞ்சு மாசம்!"

அவர் மேஜை விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா ஆஸ்பத்திரியில கடைசியா மீன் கேட்டா. ஒரு துண்டு. நீதான் பொரிச்சு எடுத்துட்டுப் போனே."

அம்மா இருதயக் கோளாறோடு படுத்திருந்தபோது நடந்தது அது. சாப்பிட்ட மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். மீனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் அடித்துச் சொன்னார், எழுதிக்கூடக் கொடுத்தார். இந்த நான்கு வருஷத்தில் அவளும் அப்பாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவள் அதற்குப் பிறகு மீன் பொரித்ததும் இல்லை, எந்த டாக்டரின் தாளிலும் ஒரு எழுத்தை மீறியதும் இல்லை.

"நான் கேட்டா நீ குடுத்துடுவே பாப்பா. எனக்குத் தெரியும். குடுத்த பிறகு எனக்கு ஏதாவது ஆயிட்டா? ஒரு தடவை நீ பட்டதை நான் பார்த்திருக்கேன். ரெண்டாவது தடவை நீ எந்திரிக்க மாட்டே." அவர் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "அதான் வாயை மூடிக்கிட்டேன். பழகிடும்னு நினைச்சேன். பழகலை."

நாற்பத்தைந்து வயசு மகளை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிற மனுஷன், அவளுக்காகப் பட்டினி கிடந்திருக்கிறார். அவள் அவருக்காகப் பட்டினி போட்டிருக்கிறாள். இரண்டு பேரும் அன்பு என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

எழுந்து அடுப்படிக்குப் போனாள். எண்ணெய் பாட்டில் மேல்தட்டில் பின்னால் இருந்தது, மூடி பிசுபிசுத்துப் போயிருந்தது. வாணலியில் எண்ணெயை ஊற்றும்போது கொஞ்சம் வெளியே சிந்தியது. முட்டையை உடைத்தாள். அது பொரிய ஆரம்பித்தது.

"எனக்குப் பயமா இருக்குப்பா," என்றாள், திரும்பாமலே.

"எனக்கும்தான். கருகுது பாரு, எடு," என்றார்.

தட்டை அவர் முன்னால் வைத்தாள். அவர் ஓரத்தில் மொறுமொறுத்த பகுதியை முதலில் விண்டு வாயில் போட்டு, கண்ணை மூடி, ரொம்ப நேரம் மென்றார். பிறகு அடுத்த வாய். நடுவில் ஒருமுறைகூடத் தலையை நிமிர்த்தவில்லை. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு வாய்க்கும் ஏதாவது ஆகிறதா என்று. ஒன்றும் ஆகவில்லை. மஞ்சள் கருவைக் கடைசிவரை விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, காலித் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தட்டை நகர்த்தவும் இல்லை, போதும் என்று சொல்லவும் இல்லை.

டாக்டர் இன்றைக்கு ஒன்றுதான் சொன்னார் என்பது அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள். குனிந்து, அவர் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னும் பசிக்குதாப்பா?"

அவர் தலையை நிமிர்த்தினார்.

"ஆமா பாப்பா. ரொம்பப் பசிக்குது."

அவள் அடுப்பை மறுபடி பற்ற வைத்தாள்.