முகத்துவாரத்தில் வேதம்

அன்று முகத்துவாரத்தில் வலைவிடும் பாடு அங்கமுத்துவுடையது. முறை வந்தவன் மட்டுமே அங்கே வலை விடலாம். தண்ணீர் வடிவதற்குள் விடாவிட்டால், அடுத்த முறைக்கு இருபது நாள். வீட்டுப் பானையில் ஒரு மணி அரிசிகூட இல்லை. அவன் பெண்சாதி எல்லம்மா கூடையோடு கரையில் நின்றாள்.

வலையை இறக்கப்போகும் நேரம் பார்த்துக் கோட்டைத் துபாஷி சுப்பராயலு வந்து தடுத்தான். கூடவே, அவன் மொழிபெயர்த்துச் சொல்லும் ஒலாந்தா நாட்டுப் பாதிரி, மேசை, மைக்கூடு, ஒரு சிப்பாய். வேதம் பிறந்த கதையைப் பாதிரி புத்தகமாக எழுதுகிறாராம். அந்த வேதம் மீண்டு வந்த தண்ணீரையே காட்டுகிறேன் என்று துபாஷி கூட்டிவந்துவிட்டான்.

"துரை எழுதி முடிக்கிறவரைக்கும் தண்ணியக் கலக்கக் கூடாது!"

வேதம் படித்தவனா இவன்? எவனோ சொன்னதைக் கோயில் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டவன். அதையே ஏப்பம் விடுவதுபோல் எடுத்துவிட்டான். பிரம்மா தூங்கினாராம். அவர் வாயிலிருந்து நழுவிய வேதத்தை அசுரன் திருடிக் கடலுக்கடியில் ஒளித்தானாம். பெருமாள் மீனாகப் போய் மீட்டாராம்.

"அந்த வேதம் இன்னா சாமி சொல்லுது?" என்றாள் எல்லம்மா.

"எல்லா உசுருலயும் இருக்கறது ஒண்ணுதான்னு சொல்லுது. உனக்கு எங்க வெளங்கும்? தள்ளி நில்லு, நாறுது."

"ஒண்ணுதான்னா, நாத்தத்துல பாதி உன்னுது சாமி."

அங்கமுத்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். அதற்குள் பாதிரி ஏதோ கேட்க, துபாஷியின் முகம் செத்தது.

"அது இன்னா மீனுன்னு கேக்கறாரு," என்றான் சிப்பாய்.

மீனைக் கண்டால் மூக்கைப் பொத்துகிறவனுக்குப் பேர் எங்கே தெரியும்? எல்லம்மா தண்ணீரைப் பார்த்தாள். வடியத் தொடங்கியிருந்தது.

"எனக்குத் தெரியும் சாமி. இங்கதான் கீது. இப்ப வலை உட்டா புடிச்சிக் காட்டலாம். தண்ணி வடிஞ்சா கடலுக்குப் பூடும். அப்பால தொரைக்கு நீயே பதில் சொல்லிக்கோ."

துபாஷி மொழிபெயர்த்தான். பாதிரி துள்ளி எழுந்து, வலையை விடச் சொல்லிக் கையசைத்தார்.

நாலு கூடை மடவை மீன் ஏறியது. வலையின் அடியில் ஒரு பேத்தை. தின்றவனைக் கொல்லும் விஷமீன். எல்லம்மா தூக்கியதும் காற்றை அடைத்துப் பந்தாக உப்பியது. அதை மேசைமேல் வைத்தாள்.

"இதான் சாமி."

துபாஷி கன்னத்தில் போட்டுக்கொண்டான். பாதிரி அதை வரைந்துகொண்டே, இதை உண்பீர்களா என்று கேட்டார்.

"செத்தாலும் தொட மாட்டோம்," என்றாள் எல்லம்மா.

"அவ்வளவு பக்தி," என்று மொழிபெயர்த்தான் துபாஷி.

பாதிரி அதையும் எழுதிக்கொண்டார்.