அழிக்கச் சொன்னவர்

2008ஆம் ஆண்டு வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கண்டி கட்டுகஸ்தோட்டை வீதியில் இருந்த அந்த வாடகை வீட்டின் முன்னறையில் நான்கு பேர் இருந்தார்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற நவரட்ணராஜா. அவர் மனைவி கமலாசனி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்த மகள் இரஞ்சிதம். கொம்பியூட்டர் திருத்த வந்த இருளப்பன்; கண்டி நகரத் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பான மஹய்யாவவைச் சேர்ந்தவன். பின்னர் ஓர் இன்ஸ்பெக்டரும் மூன்று பொலிஸ்காரரும் வந்தார்கள். வேறு எவரும் அங்கே இருக்கவில்லை.

அதற்கு முதல் நாள் பொலிசார் அடுத்த தெருவில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் வீட்டைச் சோதித்து, கொம்பியூட்டரில் கிடந்த ஒரே ஒரு படத்துக்காக அந்த வீட்டுப் பொடியனை அடித்து ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். செய்தியைக் கேட்டதும் இரஞ்சிதம் கொம்பியூட்டரிடம் ஓடினாள். அவளுடைய கொம்பியூட்டரில் நவரட்ணராஜாவின் தங்கை மகனுடைய செத்தவீட்டு வீடியோ இருந்தது. கிளிநொச்சியில், புலிகள் இயக்கச் சீருடையோடு, பெட்டிக்குள் கிடந்தான் அவன். யாரோ சீடீயில் கொண்டுவந்து கொடுத்ததை அவள் குடும்பப் படங்களோடு டி பிரிவில் போட்டு வைத்திருந்தாள். சீடீயைக் கமலாசனி அடுப்பில் போட்டுவிட்டாள். கொம்பியூட்டரை அடுப்பில் போட முடியாது.

"டி பார்ட்டிஷன மட்டும் அழிச்சிருவோம் ஐயா" என்றான் இருளப்பன். "சி, ஈ ரெண்டும் அப்படியே இருக்கட்டும். பாட்டு, படம், தங்கச்சியோட நோட்ஸ் எல்லாம் கிடந்தாத்தான் ஆளு புழங்குற மிஷின் மாதிரித் தெரியும். மொத்தமாத் தொடைச்சி வச்சா அவனுங்களுக்குக் கண்ணு குத்தும்."

"அரைகுறை வேலை என்ரை வீட்டிலை வேண்டாம் தம்பி. மூண்டையும் அழியும்."

"அப்புறம் விண்டோஸ் போட ஒன்றரை மணித்தியாலம் ஆகும்ங்க."

"ஆகட்டும். நான் சொன்னதைச் செய்யும்."

முப்பத்தாறு வருடம் கோப்புகளோடு வாழ்ந்த மனிதர். தன் கையெழுத்துக்குக் கீழே ஒரு மைத்துளியும் சிந்தவிடாதவர். ஒன்றை இல்லை என்று சொல்வதானால் அது முழுக்கவே இல்லாமல் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். இருளப்பன் மேற்கொண்டு வாதாடவில்லை.

நீலத் திரையில் மூன்று பிரிவுகளும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாக அழித்தான். நிச்சயமா என்று மிஷின் ஒவ்வொரு தடவையும் கேட்டது. நிச்சயம் என்பதற்கான எழுத்தை அவன் ஒவ்வொரு தடவையும் அழுத்தினான். கடைசியில் பிரிக்கப்படாத வெற்றிடம் என்ற ஒரே வரிதான் மிஞ்சியது.

"இவளின்ரை சாமத்திய வீட்டுப் படங்களும் போட்டுதோ?" மகள் பெரியபிள்ளையான சடங்கின் படங்களை நினைத்துக் கமலாசனி கேட்டாள்.

"எல்லாம் போச்சுங்கம்மா."

"உயிர் கிடந்தால் இன்னும் எத்தினை படம் எடுக்கலாம்" என்றார் நவரட்ணராஜா.

"எடுக்கலாம். அவளுக்கு இன்னொருக்காச் சாமத்தியச் சடங்கு செய்யுங்கோவன்."

இருளப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டு முழு இடத்தையும் ஒரே பிரிவாக்கி, ஃபோமட் போட்டான். மஞ்சள் கோடு மெதுவாக நகரத் தொடங்கியது. அது இருபது வீதத்தைத் தாண்டியபோது கேற்றை உதைக்கும் சத்தம் கேட்டது.

அன்று பொலிசார் வீதியின் மேல் முனையிலிருந்து வீடு வீடாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். இது ஐந்தாவது வீடு. அலுமாரிகளைக் கவிழ்த்தார்கள், மெத்தைகளைக் கிழித்தார்கள், சாமிப் படங்களைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. இன்ஸ்பெக்டர் கொம்பியூட்டருக்கு முன்னால் வந்து நின்றார். இளவயது, நன்றாகச் சவரம் செய்த முகம்.

"மே மொக்கத?" இது என்ன என்று கேட்டார்.

"வைரஸ் சேர். திரும்ப விண்டோஸ் போடுறேன்" என்று இருளப்பன் சிங்களத்தில் சொன்னான்.

"வைரசுக்கு சி-யை அழித்தால் போதும். இங்கே ஒரே ஒரு பிரிவுதானே இருக்கிறது. மற்றதெல்லாம் எங்கே?"

இன்ஸ்பெக்டருக்குக் கொம்பியூட்டர் விஷயம் தெரிந்திருந்தது. இருளப்பன் வாய் திறப்பதற்குள் விசைப்பலகையைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தார். எழுத்துக் கட்டைகள் தெறித்துச் சுவர் வரை ஓடின. உதடு பிளந்து இரத்தம் சட்டையில் வழிந்தது. "யார் அழிக்கச் சொன்னது?" என்று கேட்டார். அவன் மறுபடியும் வைரஸ் என்றான். ஒரு பொலிஸ்காரன் அவனுடைய வலது கையை நிலத்தில் விரித்துப் பிடிக்க, மற்றவன் கொம்பியூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி, அதன் விளிம்பை விரல்களின் மேல் வைத்துச் சப்பாத்துக் காலால் ஏறி நின்றான். எலும்பு முறிந்த சத்தத்தை அறையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். அவன் "அம்மா!" என்று அலறினான். ஒருவர் பெயரும் அவன் வாயில் வரவில்லை.

குறுக்கே ஓடிய கமலாசனியின் வயிற்றில் துப்பாக்கிப் பிடி இறங்கியது. அவள் மடங்கி விழுந்தாள். நவரட்ணராஜா எழுந்து, "நான் ஓய்வு பெற்ற அரசாங்க உத்தியோகத்தர்" என்று சொல்லத் தொடங்கினார். முடிக்க விடவில்லை. கன்னத்தில் விழுந்த அறையில் மூக்குக் கண்ணாடி பறந்தது. அறுபத்திரண்டு வயதில் அவர் வாங்கிய முதல் அடி. சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். 

மேசையில் இரஞ்சிதத்தின் பல்கலைக்கழக அடையாள அட்டை கிடந்தது. இன்ஸ்பெக்டர் அதை எடுத்து, அதில் இருந்த வடபகுதி ஊரின் பெயரை வாசித்தார். பிறகு அவளுடைய பின்னலைக் கையில் சுற்றி இழுத்து, முகத்தைத் திரைக்கு நேராகத் திருப்பினார்.

"உன் மிஷினா?"

அவள் தலையசைத்தாள்.

"அழிக்கச் சொன்னவரைக் காட்டு. இல்லாவிட்டால் நீ ஜீப்பில் ஏறு."

ஏறியவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது நவரட்ணராஜாவுக்குத் தெரியும். பெண் பிள்ளை திரும்பி வந்தாலும் எப்படி வருவாள் என்பதும் தெரியும். இரஞ்சிதம் தகப்பனைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "நான்..." என்று தொடங்கினாள்.

"அவன்தான்" என்றார் நவரட்ணராஜா. முப்பத்தாறு வருடக் கந்தோர் வேலையில் பழகிய பிழையில்லாத சிங்களத்தில் சொன்னார். "இந்தப் பொடியன் தானாகவே அழித்தான். நாங்கள் ஒன்றையும் அழிக்கச் சொல்லவில்லை. அதில் என்ன இருந்தது என்று அவனைத்தான் கேட்க வேண்டும்."

இருளப்பன் நிலத்தில் கிடந்தபடியே தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தான். பின்னல் இன்னும் இன்ஸ்பெக்டரின் கையில்தான் இருந்தது.

"ஒவ் சேர்" என்றான். ஆமாம், நான்தான்.

பின்னலை விட்டார்கள். அவனுடைய கொலரைப் பிடித்து வாசற்படிகள் வழியாக இழுத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு படியிலும் தலை மோதியது. கொம்பியூட்டரையும் கொண்டுபோனார்கள்.

அவன் ஐந்து மாதம் கழித்து வெளியே வந்தான். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. அந்தக் கையால் அவன் அதற்குப் பிறகு ஒரு மிஷினையும் திறக்கவில்லை. நவரட்ணராஜா ஒரு நாள் மஹய்யாவவுக்குப் போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டினார். அவனுடைய தாய் சுப்பம்மா வந்தாள்.

"நான் நவரட்ணராஜா."

"தெரியும்ங்க. உங்க மக பேர எம் புள்ள கடைசி வரைக்கும் சொல்லலயாம். அதுக்கு நன்றி சொல்ல வந்தீங்களா?"

 அவள் கதவைச் சாத்தினாள்.

இரஞ்சிதம் படிப்பை முடித்தாள், கலியாணம் முடித்தாள், நன்றாக இருக்கிறாள். கொழும்பு வெள்ளவத்தையில் கலியாண வீடுகளில் சொந்தக்காரர் கூடும்போது இன்னும் ஒரு கதை சொல்லப்படுகிறது. மஹய்யாவப் பொடியன் கொம்பியூட்டரைத் திருத்துகிற சாட்டில் வந்து, பொலிசுக்குத் தகவல் கொடுத்து, அந்தக் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தானாம்.

அது பொய். இருளப்பன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்தவர் நவரட்ணராஜா.