வாடைக்கு விடு

பெண்கள் அணியோடு ஒரு பெண் ஆசிரியர் போக வேண்டும் என்பது எங்கள் கல்லூரியின் விதி. பௌதிகவியல் பட்டத்தோடு புதிதாக வந்தவள் நான். மறுக்கத் தெரியாததால் உதைபந்தாட்ட அணிக்குப் பொறுப்பாசிரியை ஆனேன். யாரோடும் பேச வேண்டியிராதபடி, ஆட்டங்களைக் கைபேசியில் படம்பிடித்துக்கொண்டு நிற்பேன்.

புதிய பருவத்துக்கு முன் என்னென்ன திருத்த வேண்டும் என்று பேச, பயிற்றுநர் சந்தியோகு சேர் அணியை ஆய்வுகூடத்துக்கு அழைத்தார். அவர் பள்ளிமுனைக் கடற்கரைக்காரர். என் படங்களைச் சுவரில் ஓடவிட்டார். மணலிலேயே பழகிய எங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாந்தரையில் பந்து காலில் நிற்கவில்லை. இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கியது. மூலையிலிருந்து உதைக்கும்போது எல்லோரும் பந்தையே பார்த்தார்கள். எதிரணிக்காரியை ஒருவரும் பார்க்கவில்லை. சேர் ஒவ்வொன்றையும் பலகையில் எழுத, பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

கடைசியாக வேணுஜாவிடம் வந்தார்.

வேணுஜா கட்டுக்கரைப் பக்கத்து வயல் கிராமத்துப் பிள்ளை. விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பின்வரிசையில் ஆடுகிறவள். அணியில் அவளைவிட வேகமாக ஓட ஆளில்லை. ஆனால் சொன்னதைக் கேட்கமாட்டாள் என்றார் சேர். அரையிறுதியில் தோற்றது அவளால்தான்; அவளுடைய இடத்தில் இனி வேறொருத்தி ஆடுவாள் என்றார். வேணுஜாவுக்கு இது முன்பே காதில் விழுந்திருக்க வேண்டும். அணிச்சட்டையைத் தோய்த்து மடித்து ஒரு பையில் கொண்டுவந்திருந்தாள். பை அவள் மடியில் இருந்தது.

சேர் அரையிறுதியில் விழுந்த அந்தக் கோலை ஓடவிட்டார். பந்து வேணுஜாவிடம் உருண்டு வருகிறது. கோல்காப்பாளர் சுவேதினி பின்னாலிருந்து ஏதோ கத்துகிறாள். வேணுஜா சட்டென்று காலை இழுத்து, பந்தைப் போகவிடுகிறாள். எதிரணிக்காரி வந்து அடிக்கிறாள்.

சோம்பலில் யாரும் அப்படிக் காலை இழுப்பதில்லை. சொன்னதைக் கேட்டு இழுத்த கால் அது. எனக்கு அது தெரிந்தது. சேர் வேறு பெயர் எழுதத் திரும்பினார்.

"சேர், சத்தத்தைக் கூட்டி இன்னொருக்காப் போடுவமா?" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

"வாடைக்கு விடு" என்ற சுவேதினியின் சத்தம் கூடத்தை நிறைத்தது.

"வேணுஜா, அவ என்ன சொல்லுறா?"

"வாடைக்கு விடச் சொல்லுறா, மிஸ். காத்துக் கொண்டுபோகட்டும், தொடாதை எண்டு. அதான் விட்டனான்."

சுவேதினி எழுந்துவிட்டாள். "வாடைக்கு விடு எண்டா வடக்குப் பக்கம் அடிக்கிறதடி!"

கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்ற காற்றுகளே வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்ற திசைகள். வயல்காரிக்கு வாடை என்பது மார்கழியில் வீசும் குளிர்காற்று. கச்சான் என்பது வறுத்துச் சுருளில் விற்கும் நிலக்கடலை.

சேர் வெண்கட்டியைக் கீழே வைத்தார். "அப்ப நான் கச்சானுக்கு ஓடு எண்டு கத்தினது?"

"பகிடி பண்ணுறீங்கள் எண்டு நினைச்சனான், சேர்."

முதலில் சிரித்தது சேர்தான். பிறகு கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், ஏன் இவ்வளவு நாளும் கேட்கவில்லை என்றார்.

"எல்லாருக்கும் விளங்கினது. எனக்கு மட்டும்தான் விளங்கேல்ல எண்டு..."

அவள் முடிக்கவில்லை. எனக்கு மிச்சம் தெரியும்.

இனி இடம், வலம் என்றே கத்தலாமா என்று ஒருத்தி கேட்டாள். சுவேதினி ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பி நின்றால் இடம் வலமாகிவிடும், வாடை எங்கே நின்றாலும் வாடைதான் என்றாள். அதில் பிழை இல்லை. காற்றுகளின் பெயர்களை வேணுஜா படிப்பது என்று முடிவானது. பலகையில் கடைசி வரியாக சேர் 'திசை' என்று எழுதினார்.

"சட்டையை ஏன் கொண்டுவந்தனி?" என்றார் திரும்பாமலே.

"தோய்ச்சனான், சேர்."

"அப்ப போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வா."

மைதானத்தில் மணல் பறந்துகொண்டிருந்தது. சுவேதினி கத்தினாள். வேணுஜா ஒரு கணம் யோசித்துவிட்டு, பலம் முழுவதையும் சேர்த்து உதைத்தாள். பந்து வடக்கு மதிலைத் தாண்டிப் பக்கத்து வளவுக்குள் விழுந்தது.

ஒருவரும் ஏசவில்லை. எடுத்து வருகிறேன் என்று நானே போனேன்.